புறப்படும் முன்பே போய்ச் சேர்ந்த லோரி

விமான நிலையத்தில் நான் பார்த்த வேலையைத் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் விளங்க வைக்க என்னால் முடிந்ததே இல்லை. "ஏரோப்ளேன்ல போறியா?" என்பார்கள். இல்லை என்றால், "அப்ப ஏர்போர்ட்டுல என்னதான் செய்ற?" என்று அடுத்த கேள்வி வரும். எழுதுகிற வேலை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். நான் எழுதியது நேரத்தை. விமானத்தின் சக்கரம் நின்ற நேரம், பெட்டிகளை இறக்கிய நேரம், எண்ணெய் ஊற்றிய நேரம், சாப்பாடு ஏற்றிய நேரம், கதவு மூடிய நேரம். ஒரு விமானத்துக்கு ஒரு தாள். கீழே ஓடுபாதைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் கிறுக்கி அனுப்புவதை நான் பார்த்து நல்ல கையெழுத்தில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் தாள்களைக் கயிறு போட்டுக் கட்டி அலமாரிக்குள் தள்ளிவிடுவார்கள். எழுபத்தேழில் நான் சேர்ந்தபோது அந்தக் கட்டுகளை யாரும் அவிழ்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் அவிழ்த்தேன். ஆசையால் அல்ல, கோபத்தால். விமானம் தாமதமானால் தாளின் அடியில் யாரால் என்று எழுத வேண்டும். பத்துக்கு எட்டுத் தாளில் பெட்டி தூக்குகிறவர்கள் தலையில்தான் எழுதியிருக்கும். அவர்களில் பாதிப்பேர் நம் பிள்ளைகள், எஸ்டேட்டுகளிலிருந்து வந்தவர்கள். வெயிலில் கறுத்துப்போய் நிற்பார்கள், அதிகாரி வந்து கத்துவார், தலை குனிந்துகொள்வார்கள். மூன்று மாதத் தாள்களை மதிய இடைவேளையில் கேண்டீன் மேசைகளில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பத்து நிமிட இடைவெளிக்குள் இரண்டு விமானங்கள் அடுத்தடுத்து இறங்கினால் இரண்டாவதுதான் தாமதமாகிறது. பெட்டிகளை இறக்கும் பெல்ட் வண்டிகள் எல்லாம் ஒரே கோடியில் நிற்கின்றன, மறு கோடிக்கு ஊர்ந்து வர நேரமாகிறது. ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றது வண்டிக்காக. ஒரே ஒரு வண்டியை மறு கோடியில் நிறுத்தி வைக்கச் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை, கேட்க வைக்க நாலு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு அந்தத் தாமதம் வெகுவாகக் குறைந்தது. மேலே போன அறிக்கையில் என் அதிகாரியின் பெயர்தான் இருந்தது. போகட்டும். பெட்டி தூக்கும் ஆட்களுக்கு யார் செய்தது என்று தெரியும். ஒரு வாரம் என்னைக் காசு கொடுத்துக் கோப்பி குடிக்க விடவில்லை. அன்றிலிருந்து என் மேசையில் தாள்கள் தூசி படிந்து கிடந்ததில்லை.

எண்பத்திரண்டு பிறந்தது. கடலுக்கு அப்பால் உள்ள நம் நாட்டின் சபா, சரவாக் மாநிலங்களோடு நேரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஜனவரி முதல் தேதி எங்கள் பக்கக் கடிகாரங்களை எல்லாம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். விமானிகள் எழுதுவது கிரீன்விச் நேரம். அதோடு ஏழரை மணியைக் கூட்டினால் எங்கள் நேரம் என்று இருந்தது எட்டு மணி என்று ஆனது. முதல் வாரம் முழுவதும் பழக்கதோஷத்தில் பாதித் தாள்களில் ஏழரையையே கூட்டியிருந்தார்கள். ஏழரையைக் கூட்டினால் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போன விமானங்கள் எல்லாம் தாளில் முப்பது நிமிடம் முந்தி நின்றன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தியது நான்தான். உண்மையில் முந்துவதும் பிந்துவதும் ஒரு நாள் ஐந்து நிமிடம் இருக்கும், மறுநாள் நாற்பது இருக்கும். நாள் தவறாமல் அதே முப்பது நிமிடம் என்றால் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். இதை அந்த வாரம் முதுகு வலிக்க வலிக்கக் கற்றுக்கொண்டேன்.

அந்தக் களைப்போடுதான் பொங்கலுக்கு ஊர் ஏறினேன். தாப்பாவில் பஸ் மாறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரிங்லெட்டில் இறங்கி, தோட்டத்துக்குப் போகிற வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தால், வீட்டில் பண்டிகைக்கான அறிகுறியே இல்லை. அம்மா அடுப்பைப் பார்த்துப் பேசினாள். அப்பா சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். இருவரும் பேசி மூன்று நாளாகிறது என்பதை அம்மாதான் என்னிடம் சொன்னாள், அப்பாவுக்குக் கேட்கும்படி உரக்க.

"கேளு பாப்பா, உங்கப்பாவ லோரிய விட்டு எறக்கப் போறாங்களாம். வர்ற திங்கக்கெழமைலேருந்து புல்லு வெட்டப் போகணுமாம். எங்கயோ போயி அரை மணி நேரம் நின்னுட்டு வர்றாராம். எங்க நின்னீங்கன்னு கேட்டா வாயில கொழுக்கட்டை."

அப்பா கொழுந்து லோரி ஓட்டுகிறவர், பதினெட்டு வருடமாக. மேல் டிவிஷனில் பெண்கள் பறிக்கும் கொழுந்தை நாளுக்கு மூன்று முறை எடை நிறுத்து, சாக்குகளில் கட்டி, அவர் கீழே பேக்டரிக்குக் கொண்டுபோவார். அம்மாவும் அந்த மேல் டிவிஷனில்தான் கொழுந்து எடுத்தாள். சாக்குக்குள் நேரம் கழிந்தால் கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும், அதனால் லோரியின் நேரத்தில் தோட்ட மானேஜரான துரைக்கு எப்போதும் ஒரு கண். நிறுவை இடத்திலிருந்து லோரி புறப்படும் நேரத்தைக் கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் கங்காணி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். பேக்டரி கேட்டில் சேர்ந்த நேரத்தை எழுதி முத்திரை குத்துவார்கள். இருபத்தைந்து நிமிடத்தில் வர வேண்டிய லோரி புது வருடத்திலிருந்து ஐம்பத்தைந்து நிமிடத்தில் வந்தது. துரை சீட்டுகளைப் பார்த்துவிட்டு, வழியில் யாருக்கோ முட்டைக்கோஸ் ஏற்றிக் கொடுக்கிறான் இவன் என்று முடிவு கட்டிவிட்டார். தோட்டத்தில் லோரி டிரைவர் என்றால் ஒரு மதிப்பு. அந்த வயதில் கத்தியைக் கொடுத்துப் புல்வெட்டும் கும்பலில் நிறுத்துவது மனிதனை உயிரோடு சுருட்டி வைப்பதற்குச் சமம்.

சீட்டின் நகலை அப்பா வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து பாயில் பரப்பினேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தைந்து. மழை கொட்டிய நாளில் ஐம்பத்தேழு. முட்டைக்கோஸ் ஏற்றுகிறவன் ஒரு நாளாவது பேரம் படியாமல் சீக்கிரம் வரமாட்டானா? நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அம்மா முறைத்தாள். முப்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தைந்து, இருபத்தைந்து. ஐந்து வருடம் விமானங்களின் நேரத்தை எழுதியவள் சொல்கிறேன், அப்படி ஒரு வரிசையை எந்த விமானமும் எனக்குக் காட்டியதில்லை. வளைவும் சேறும் பனிமூட்டமும் உள்ள தோட்டத்துப் பாதையில் ஒரு பழைய லோரியை வைத்துக்கொண்டு என் அப்பா அப்படி ஓட்டியிருந்தார்.

அவரை வெளியே தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப் போய்க் கேட்டேன். "கங்காணி மாமா கடிகாரத்துல இன்னும் பழைய டைம்தானே ஓடுது? அத பாத்துதான சீட்டு எழுதுறாரு?"

அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். "மெதுவா பேசு பாப்பா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா?"

அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. காலைப் பெரட்டு, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது, எப்போதும் ஆறரை மணிக்கு. புது நேரத்தில் ஆறரை என்றால் கும்மிருட்டு. முதல் இரண்டு நாள் பெண்கள் டார்ச் லைட்டோடு மலை ஏறினார்கள். இரண்டாவது நாள் ஒருத்தி ஈரமான வடிகால் கானில் வழுக்கி விழுந்து கால் வீங்கிப் படுத்துவிட்டாள். மூன்றாம் நாள் கங்காணி யாரிடமும் கேட்காமல் தன் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் திருப்பிவிட்டார். காலையில் அரை மணி பிந்தி வந்து, மாலையில் அரை மணி பிந்திப் போனார்கள். வேலையில் ஒரு நிமிடமும் குறையவில்லை. துரைக்கு மட்டும் தெரியாது. பெண்கள் எல்லாருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அதே கடிகாரம்தான் சீட்டையும் எழுதுகிறது என்பது அப்பா ஒருவருக்கே உறைத்திருந்தது. பேக்டரியில் ஓடியதோ புது நேரம்.

"ஏன்ப்பா சொல்லல? அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா."

"உங்கம்மாகிட்ட சொன்னா அவ நேரா ஆபீஸ் வாசல்ல போயி நிப்பா. அப்புறம் துரை கங்காணி கடிகாரத்த திருப்புவாரு. நாப்பது பொம்பளைங்க இருட்டுல மலை ஏறணும்." கொஞ்சம் நிறுத்தி, "லோரி போனா போவுது. புல்லு வெட்டுறவனும் மனுசன்தான்" என்றார். சொல்லும்போது கை சட்டைப் பையிலிருந்த லோரிச் சாவியைத் தடவிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. துரை மேல், கங்காணி மேல், இப்படி ஊமைக் கோட்டானாக உட்கார்ந்திருந்த அப்பா மேலும்தான். ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. இந்த மனிதர் என் அப்பா என்ற நினைப்பு.

பொங்கலன்று கங்காணி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அம்மாவுக்கு அண்ணன் முறை. இலையில் இரண்டாவது முறை சர்க்கரைப் பொங்கல் விழும்வரை பொறுத்திருந்து, விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஐயோ, சீட்ட நான் நெனைக்கவே இல்லையே மருமவளே! பெரட்ட மட்டுந்தான் நெனைச்சேன். மச்சான், நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றவர், எச்சில் கையோடு ஆபீசுக்குப் போய் ஒப்புக்கொள்கிறேன் என்று எழுந்தார். உட்கார வைப்பது பெரும்பாடாகிவிட்டது. ஒப்புக்கொண்டால் அப்பாவுக்கு லோரி திரும்பிவிடும், பெண்களுக்கு இருட்டு திரும்பிவிடும். எனக்கு இரண்டும் வேண்டும். அன்று பொழுது சாய்வதற்குள் பொங்கல் வாழ்த்துச் சொல்கிற சாக்கில் கீழ் டிவிஷன் லயத்துக்குப் போய் வந்தேன். அங்கே புது நேரத்துக்கே பெரட்டு என்று கங்காணி சொல்லியிருந்தார். விடியும்வரை என்ன செய்வீர்கள் என்று அங்குள்ள பெண்களிடம் கேட்டேன். "என்னா செய்றது, கைய கக்கத்துல வச்சிக்கிட்டு நிக்கிறதுதான். கையில பட்டத புடுங்கிப் போடுறதுதான்" என்றார்கள். போதும் என்று திரும்பினேன்.

மறுநாள் காலை நான், அப்பா, கங்காணி மூவரும் துரை ஆபீசில் நின்றோம். துரை வெள்ளைக்காரர் இல்லை, பினாங்குக்காரர், நம் ஆள்தான். நல்ல மனிதர், ஆனால் முன்கோபி. என்னைப்போல.

"அப்பாவுக்கு சிபாரிசு பண்ண வந்தியாம்மா?"

"இல்லைங்க. ரெண்டு புத்தகத்த ஒரே மேசையில வச்சுப் பாக்கணும். பேக்டரி கேட் புத்தகம் ஒன்னு, கங்காணியோட பாக்கெட் புத்தகம் ஒன்னு."

லோரி கீழே வரும் நேரத்துக்குத்தான் சீட்டு உண்டு. காலி லோரி மேலே போகும் நேரத்தைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. கேட்டிலிருந்து புறப்பட்டதைக் கேட் புத்தகத்தில் எழுதுவார்கள், மேலே போய்ச் சேர்ந்ததைக் கங்காணி தன் புத்தகத்தில் குறிப்பார். அந்த இரண்டு புத்தகங்களும் அன்றுவரை ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. துரை ஒரு விரலை இதிலும் ஒரு விரலை அதிலும் வைத்து வாசித்தார்.

"கேட்ட விட்டது பத்து மணி. மேல போய் சேந்தது ஒம்போது அம்பத்தஞ்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பொறப்படுறதுக்கு முன்னாடியே போயி சேந்துட்டானா? என்னய்யா இது?"

"எங்கப்பா ஏரோப்ளேன விட வேகமுங்க" என்றேன்.

துரை சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த கணம் அவருக்கு விளங்கிவிட்டது. சிரிப்பு அப்படியே நின்று, முகம் சிவந்து, பார்வை கங்காணியின் மணிக்கட்டுக்குப் போனது. கங்காணி கையைப் பின்னால் கட்டிக்கொள்ளவில்லை. முன்னால் நீட்டியே காட்டினார். பழைய நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"என் ஆர்டர மீறியிருக்க."

"ஆமாங்க துரை. ஒருத்தி விழுந்துட்டா. இன்னொருத்தியும் விழட்டும்னு என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியலீங்க."

துரை பேனாவை எடுத்தார். அவர் எதை எழுதப் போகிறார் என்று தெரியும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். இரண்டு டிவிஷன்களின் நிறுவைப் புத்தகங்களையும் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அதில் என்ன இருக்கும் என்று நான் முன்கூட்டிப் பார்த்திருக்கவில்லை. பெண்கள் சொன்னதை நம்பித்தான் கேட்டேன். கணக்கு எதிராக வந்திருந்தால் நாற்பது பேரின் வெளிச்சத்தை நானே பிடுங்கிக் கொடுத்தவளாகியிருப்பேன்.

கீழ் டிவிஷனில் டிசம்பரிலும் ஜனவரியிலும் முதல் நிறுவை எவ்வளவு என்று அருகருகே எழுதினேன். ஆட்கள் அதே ஆட்கள், மலை அதே மலை. காலையில் அரை மணி நேரம் முன்னதாக இருட்டில் இறக்கியதால் ஒரு கூடைகூட அதிகம் வரவில்லை. முற்றிய இலையும் காம்பும் கலந்திருப்பதாகப் பேக்டரியிலிருந்து வந்த குறிப்புகள்தான் கூடியிருந்தன. மேல் டிவிஷனில் பழையபடி நல்ல கொழுந்து. துரை அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். கூட்டலைத் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார், அது எனக்குப் பிடித்திருந்தது.

"ரெண்டு டிவிஷனுக்கும் பெரட்டு புது டைம் ஏழு மணி" என்றார் கடைசியில். "கங்காணி, கடிகாரத்த இப்பவே என் முன்னாடி மாத்து. இனிமே என்கிட்ட கேக்காம எதையும் திருப்பாத." பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு இந்த மாதிரி ஒரு தாள் கோடு போட்டுக் குடுத்துட்டுப் போங்க. ஏத்துற நேரம், எறக்குற நேரம், எல்லாம் வேணும்" என்றார். நீ என்றவர் நீங்கள் ஆகியிருந்தார். விமான நிலையத்தில் நான் போட்ட கோடுகளையே ஒரு தேயிலைத் தோட்டத்து லோரிக்குப் போட்டுக் கொடுத்தேன். என் பெயரை அடியில் எழுதச் சொன்னார். எழுதினேன், கொஞ்சம் பெரிதாகவே.

அப்பாவிடம் அவர் கடைசியாகத்தான் திரும்பினார். "தெரிஞ்சும் ஏன்யா சொல்லல?"

"லேட்டு லேட்டுன்னுதான் சொன்னீங்க துரை. ஏன் லேட்டுன்னு கேக்கலையே" என்றார் அப்பா. துரை மேசையில் கிடந்த சீட்டுகளை அடுக்கி அப்பாவின் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிப் பெரட்டில் பெண்களின் முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருந்தது. கங்காணி பேர் கூப்பிட்டு முடித்துவிட்டு, டிரைவர் பதினைந்து நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அம்மா கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் மலை ஏறினாள். நான் மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதற்குள் புதுத் தாளை ஒருமுறை நிரப்பிக் காட்டலாம் என்று அப்பாவோடு லோரியில் ஏறிக்கொண்டேன்.

முதல் நிறுவை முடிந்து சாக்குகள் அடுக்கிக் கிடந்தன. வழக்கமாக அப்பாவும் ஒரு கையாளும் சேர்ந்துதான் ஏற்றுவார்கள், கால் மணி நேரம் பிடிக்கும். அப்பா இறங்குவதற்குக் கதவைத் திறந்தார். வெளியில் நின்ற அம்மா அதைத் தள்ளி மூடினாள்.

"நீங்க உக்காருங்க."

எட்டு நாளாகிறது அவள் அவரிடம் பேசி. அவள் ஒரு சாக்கின் காதைப் பிடித்தாள். பின்னால் நின்றவள் இன்னொரு காதைப் பிடித்தாள். அப்புறம் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்றே தெரியவில்லை, நாற்பது பேரும் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி லோரியை நிரப்பினார்கள். அப்பா "ஏம்மா, எனக்குக் கை இல்லையா?" என்று ஜன்னல் வழியாக இரண்டு முறை கத்திப் பார்த்தார். "நீங்க ஓட்டுங்கண்ணே, அது போதும்" என்று ஒருத்தி கத்தினாள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். நான் தாளையும் கடிகாரத்தையும் பார்த்துப் பேனாவை எடுத்தேன்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார், "இத மட்டும் எழுதாத பாப்பா. எழுதுனா நாளைக்கும் இதே நேரத்துல ஏத்தச் சொல்லுவாரு துரை."

அன்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்: நான்கு நிமிடம்.